390 மில்லிசெகண்ட்: பம்பையும் லேப்டாப்பும் ஒட்டாமல் போன ஒரு ராத்திரி

காணும் பொங்கல் அன்று இரவு. காவேரிப்பட்டணத்தை அடுத்த எங்கள் ஊர்த் திடலில், நான் லேப்டாப்பில் செய்த இசையும், எனக்கு மாமா முறையாகும் ஒருவர் அடித்த பம்பையும் 11 நிமிடம் மேடையில் ஓடின. சேர்ந்து ஓடின என்று எழுத ஆசைதான். ஆனால் மிக்ஸரிலிருந்து ஒயர் போட்டு எடுத்த பதிவு கையில் இருக்கிறது. முதல் நிமிடத்திலிருந்தே பம்பையின் அழுத்த அடி என் அடிக்குப் பின்னால் விழுகிறது, சராசரியாக 390 மில்லிசெகண்ட். கிட்டத்தட்ட அரை நொடி. இசையில் இது சின்னப் பிசகு கிடையாது, வேறு பாட்டு.

அந்த 390 எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு ஏழு வாரம் ஆயிற்று. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆட்களைப் பற்றி. நான் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் மின் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், மே முதல் ஜூலை வரை வீட்டுக்கு வந்து தூங்குவதே பெரிய விஷயம். மற்ற மாதங்களில் சாயங்காலம் நம்முடையது. ஆறு வருடத்துக்கு முன் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி, எல்எம்எம்எஸ் என்கிற இலவச மென்பொருளை ஏற்றி, ஹெட்போனில் மின்னணு இசை செய்யத் தொடங்கினேன். இந்த மாதிரி இசைக்கு ஆள் கூடுகிற பெங்களூரு இங்கிருந்து 90 கிலோமீட்டர்தான். ஆனாலும் எங்கள் தெருவில் அது வேறு நாடு. அந்த ஆறு வருடமும் நான் செய்ததைக் கேட்டவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் என் மனைவி, அவருக்கு வேறு வழியில்லை.

மாமா பம்பைக்காரர். பம்பை என்றால் இரண்டு உருளை மேளத்தைச் சேர்த்துக் கட்டியது, இடுப்பில் கட்டிக்கொண்டு குச்சியால் அடிப்பது. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பம்பை, உடுக்கை, கைச்சிலம்பு மூன்றும் இல்லாமல் அம்மன் கோயில் காரியம் நடக்காது. காவேரிப்பட்டணத்து மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு மாசியில் அவர் போவார், ஆடி மாதம் முழுக்க ஆள் கைக்குக் கிடைக்கமாட்டார். சேர்ந்து வாசிக்கலாமா என்று கேட்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "சாமி அழைக்கிற அடி மட்டும் உன் பொட்டியில சேக்கக் கூடாது மாப்ளே. மத்தது எது வேணும்னாலும் அடிக்கறேன்." சரி என்றேன்.

நான் தயார் செய்து வைத்திருந்தது இது: நிமிடத்துக்கு 112 அடி. எல்எம்எம்எஸ்ஸைத் திறந்தால் 140-இல் வந்து நிற்கும், அதை இறக்கினேன். ஒவ்வொரு அடியிலும் ஒரு கிக், அதாவது டிரம் செட்டின் பெரிய மேளத்துச் சத்தம். 1980-இல் ரோலண்ட் கொண்டுவந்த டிஆர்-808 டிரம் மெஷினின் கிக் போல, 48 ஹெர்ட்ஸில் 'தூம்' என்று இழுக்கிற ஆழமான சத்தம். இரண்டு அடிகளுக்கு நடுவில், சரியாகப் பாதியில், ஒரு ஹை-ஹாட் (ஜால்ரா மாதிரி தட்டு), 'சிக்'. டிஸ்கோவிலிருந்து ஹவுஸ் என்கிற நடன இசைக்கு வந்த பழக்கம் இது: தூம்-சிக், தூம்-சிக். மேலே ஒரு சுருதி இழை, என் கையில் சின்ன மிடி கீபோர்டு (மிடி என்பது இசை மெஷின்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறை). வீட்டில் இரண்டு தடவை ஒத்திகை பார்த்தோம். கட்டிலுக்கு அடியில் சப்ஊபர் வைத்த 2.1 ஸ்பீக்கர். மாமா அரை மணி நேரம் பிசகாமல் அடித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை.

திடலில்

விழாக் குழுவினர் ஸ்பீக்கர் பாக்ஸ் சொல்லவில்லை, குழாய் எனப்படும் கூம்பு ஒலிபெருக்கி மட்டும்தான். மைக் செட் அண்ணன் இரண்டு குழாயையும் திடலின் மறுகோடியில் இருந்த புளிய மரத்தில் கட்டியிருந்தார், ஒன்று ஊர்ப்பக்கம், இன்னொன்று மேடைப்பக்கம். ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டேன். "மேடைகிட்ட கட்டுனா மைக்கு கூவும் தம்பி" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. குழாயின் சத்தம் மைக்குக்குள் திரும்பிப் போனால் ஊளையிடும். தள்ளிக் கட்டுவதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம்.

பிள்ளைகள் நடனம், உறியடிக்குப் பரிசு, பேச்சு எல்லாம் முடிந்து எங்கள் முறை வந்தபோது மணி 9.35. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. எங்கள் ஊரில் இதை ஓரளவு கடைப்பிடிக்கிறார்கள். ஆக, சவுண்ட் செக் என்ற பேச்சுக்கே இடமில்லை. லேப்டாப் ஒயரைச் செருகியதும் குழாயில் வண்டு மாதிரி ஒரு இரைச்சல். நான் ஒயரை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க, மைக் செட் அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல் "சார்ஜரைப் புடுங்கு" என்றார். பிடுங்கினேன், இரைச்சல் நின்றது. சார்ஜரின் எர்த்தும் ஜெனரேட்டரில் ஓடிய ஆம்ப்ளிஃபையரின் எர்த்தும் சேர்ந்து ஒரு வளையமாகி, அதில் ஓடிய மின்சாரம்தான் அந்த வண்டு. மின் வேலை பார்க்கிறவன் நான், எனக்குத் தோன்றவில்லை.

ஆரம்பித்தோம். நான் மிக்ஸரில் ஹெட்போனைச் செருகிக் கேட்டுக்கொண்டிருந்தேன். நாலு சுற்றுக்குள் தெரிந்துவிட்டது, மாமா என் கிக்கில் அடிக்கவில்லை. கையைக் காட்டினேன், தலையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்து, நான் ரசிக்கிறேன் என்று நினைத்து, இன்னும் அழுத்தி அடித்தார். நாலாவது நிமிடத்தில் அவருக்கும் ஏதோ உறுத்தியிருக்கிறது. லேப்டாப்பை விட்டுவிட்டுத் தன் போக்கில் வேகமெடுத்தார். நான் டெம்போவை, அதாவது தாள வேகத்தை, கூட்டித் துரத்தினேன். 118-க்கு நான் போனால் அவர் 121, நான் 124-க்குப் போனால் அவர் 122. எட்டாவது நிமிடத்தில் வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு சுருதி இழையை மட்டும் விட்டேன். கடைசி மூன்று நிமிடம் மாமா தனியாக 131 வரை ஏறி அடித்து முடித்தார். விசில் பறந்தது. அந்த 11 நிமிடத்தில் கேட்கும்படி இருந்தது அந்த மூன்று நிமிடம்தான்.

390-ஐத் தேடி

மறுநாளே பதிவை ஆடாசிட்டி என்கிற ஒலி மென்பொருளில் போட்டு அலைவடிவத்தை இழுத்து விரித்து, கிக் எங்கே தொடங்குகிறது, பம்பையின் அழுத்த அடி எங்கே தொடங்குகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்தேன். முதல் மூன்று நிமிடத்துக்கு வித்தியாசம் 370-க்கும் 410-க்கும் நடுவிலேயே நிற்கிறது. இதுதான் விஷயம். தாளம் தெரியாதவன் அடித்தால் எண்கள் சிதறிக் கிடக்கும். இங்கே ஒரு மனிதர் மூன்று நிமிடம் அசையாமல் ஒரே அளவு தள்ளி அடித்திருக்கிறார். அப்படியானால் அவர் எதையோ சரியாகப் பிடித்திருக்கிறார். எதை?

நான் முதலில் சந்தேகப்பட்டது லேப்டாப்பை. பஃபர், அதாவது சத்தத்தை வெளியே விடுமுன் சேர்த்துவைக்கிற அளவு, 1,024 சாம்பிள் என்று வைத்திருந்தேன். நொடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில் அது 23 மில்லிசெகண்ட் தாமதம். 256-க்குக் குறைத்தேன், 6 ஆயிற்று. டிரைவரை மாற்றினேன், விண்டோஸை மறுபடி ஏற்றினேன், நண்பரிடம் வேறு சவுண்ட் கார்டு வாங்கிப் பார்த்தேன். மூன்று வாரம் இதில் போனது. பிறகு ஒரு நாள் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது: லேப்டாப் எவ்வளவு தாமதம் செய்தாலும் அது பதிவில் தெரியவே வாய்ப்பில்லை. மாமா கேட்டதும் பதிவானதும் லேப்டாப்பை விட்டு வெளியே வந்த பிறகான சத்தம். தாமதம் இரண்டுக்கும் பொது. வீட்டுக்குள்ளேயே இசை செய்கிறவனுக்கு எந்தக் கோளாறும் கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கவேண்டும்!

உருப்படியான துப்பு டீக்கடையில் கிடைத்தது. எங்கள் நிகழ்ச்சியைப் பற்றி அங்கே இரண்டு கட்சி. மேடைக்கு முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள், "நல்லாத்தானே இருந்துச்சு, பம்பை கரெக்டா விழுந்துச்சே" என்றார்கள். புளிய மரத்தடியில் பைக்கில் சாய்ந்திருந்த பையன்கள், "ஒவ்வொரு அடியும் ரெண்டு ரெண்டா கேட்டுச்சுண்ணா" என்றார்கள். ஹெட்போனில் நான் கேட்டதோ அரை நொடிப் பிசகு. பெரியவர்களுக்குக் காது மந்தம் என்று நினைத்தேன். தப்பு என் பக்கம். ஒரே திடலில் மூன்று இடத்தில் மூன்று விதமாகக் கேட்டிருக்கிறது. மூன்று பேரும் கேட்டதைத்தான் சொன்னோம்.

அப்புறம் மாமாவிடமே போனேன். முதல் நாளே போயிருக்கவேண்டும். அவர் தப்பு செய்துவிட்டார் என்று மனதில் வைத்துக்கொண்டு போய்க் கேட்கச் சங்கடம், அதனால் தள்ளிப்போட்டேன். பதிவை வீட்டு ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு, "இந்த தூம் அன்னிக்கு எங்கடா இருந்துச்சு?" என்றார்.

"எல்லா அடியிலயும் இருந்துச்சு மாமா."

"எனக்கு ஒண்ணுகூட வரலையே. சிக் சிக்னுதான் வந்துச்சு. அதத்தான் அடினு புடிச்சேன்."

அவ்வளவுதான். 112-இல் ஓர் அடிக்கு 536 மில்லிசெகண்ட். பாதியில் இருக்கிற சிக்கை அடி என்று எடுத்துக்கொண்டால் 268 தள்ளிப்போகும். 390-இல் 268 போனால் மீதி 122. டேப்பை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போய் மேடையிலிருந்து புளிய மரம் வரை அளந்தேன், 40 மீட்டர் சொச்சம். சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 40 மீட்டரைக் கடக்க 118 மில்லிசெகண்ட். 268-உம் 118-உம் 386. நான் அளந்த சராசரி 390. மீதி நாலு என் மவுஸ் கை நடுக்கம்.

டீக்கடைப் பஞ்சாயத்தும் இதோடு தீர்ந்தது. மேடை முன்னால் இருந்தவர்களுக்கு மரத்திலிருந்து வந்த சிக்கும் பக்கத்தில் நேராகக் கேட்ட பம்பையும் ஒன்றாக விழுந்தன, தூம் அவர்களுக்கும் இல்லை. மரத்தடியில் சிக் உடனே கேட்டது, அதே குழாயிலிருந்து பம்பை 118 தாமதமாக வந்தது. அதனால் ரெண்டு ரெண்டு. தூமும் கேட்ட ஒரே ஆள் ஹெட்போன் போட்டிருந்த நான். அன்று திடலில் இருந்த யாருக்கும் கேட்காத ஒரு சத்தத்தை வைத்து மாமாவைத் தப்பு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

குழாயும் 48 ஹெர்ட்ஸும்

48 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 7 மீட்டர். ஊர்க் குழாயின் வாய் அரை மீட்டர். அந்த வாயால் அதைத் துப்ப முடியாது. போதாததற்கு, மைக் செட் வைத்திருப்பவர்கள் பேஸை முழுக்கக் குறைத்துத்தான் வைப்பார்கள், ஆழமான சத்தம் போனால் யூனிட்டுக்குள் இருக்கும் மெல்லிய தகடு கிழிந்துவிடும். மைக் செட் அண்ணனிடம் ஒரு பழைய குழாயைக் கடன் வாங்கி மொட்டை மாடியில் வைத்து 40 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக ஏற்றிப் பார்த்தேன். 250 வரை முனகல்தான். 350-க்கு மேல்தான் பேச ஆரம்பித்தது.

இதற்குத் தீர்வு கிக்கின் ஒலியளவைக் கூட்டுவது அல்ல. கூட்டினால் யூனிட் போகும், அண்ணன் உறவும் போகும். கிக்கை நன்றாகத் திரித்து (டிஸ்டார்ஷன்), 48-இன் மடங்குகளை உண்டாக்கவேண்டும்: 336, 384, 432 என்று. மடங்குகள் வரிசையாகக் காதில் விழுந்தால், அடியில் இல்லாத சத்தத்தை மூளையே ஓரளவு இட்டு நிரப்பிக்கொள்ளும். கூடவே தொடக்கத்தில் 2,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு சின்னத் தட்டு. ஹெட்போனில் கேட்டால் அசிங்கம், தகர டப்பாவைத் தட்டுவது போல இருக்கும். குழாயில் 'டொக்' என்று அடி விழும். ஆறு வருடம் நான் செதுக்கிய கிக்கைவிட இந்த டப்பா எங்கள் ஊருக்குப் பொருத்தமாக இருந்ததை ஒத்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

சிக்கை எடுத்துவிட்டேன். மாமாவுக்குப் பக்கத்தில் ஒரு பாக்ஸ் வைத்தால் தூரமும் தீர்ந்துவிடும்; ஒன்றரை மீட்டருக்கு 4 மில்லிசெகண்ட்தான்.

ஆக, 390-க்குக் கணக்கு முடிந்தது. ஆனால் நாலாவது நிமிடத்துக்குப் பிறகு நடந்ததற்கு இது எதுவும் பதில் இல்லை.

பொட்டி யாரைப் பார்க்கிறது

மாமா வேகமெடுத்தது எரிச்சலில் என்று நினைத்திருந்தேன். பழைய பதிவுகளைக் கேட்டால், நான் இல்லாதபோதும் அவர் அப்படித்தான் அடிக்கிறார். 100-இல் தொடங்கி 130-இல் முடிப்பது அவர் வாசிப்பின் உடம்பு. அதை 112 என்ற கட்டத்துக்குள் வைத்தால் என்ன ஆகும்? அவர் 114-க்கு ஏறினாலே ஓர் அடிக்கு 9.4 மில்லிசெகண்ட் மிச்சமாகும். 32 அடிக்குள் 300 சேர்ந்து, அரை அடிக்கு மேல் முந்திவிடுவார். வெறும் 17 நொடியில்.

காதில் தாளம் காட்டும் கிளிக் சத்தத்தைக் கேட்டபடி அடிக்கச் சொல்லலாமே என்றான் ஒரு நண்பன். சினிமாப் பாட்டுக்கு வாசிப்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். மாமாவிடம் கேட்டேன். கோபப்படவில்லை. "கூத்துல அடிக்கிறவன் ஆடுறவன் காலைப் பாப்பான். கோயில்ல அருள் வந்து நிக்கிறவன் மூஞ்சியப் பாப்பான். உன் பொட்டி யாரைப் பாக்குது?"

பார்க்கவில்லைதான். 1983-இல் மிடி வந்த நாளிலிருந்து, ஓர் அடிக்கு 24 துடிப்பு என்று ஒரு மெஷின் அனுப்பும், மற்ற மெஷின்கள் எல்லாம் அதைப் பின்பற்றும். மெஷின்களுக்குள் அருமையான ஏற்பாடு. மனிதனை நடுவில் விட்டால் அவனும் பின்பற்றவேண்டியவன் ஆகிவிடுகிறான். நான் மாமாவை என் லேப்டாப்புக்கு அடிமை வேலைக்குச் சேர்த்திருக்கிறேன், அதுவும் சம்பளம் இல்லாமல்.

அதனால் திருப்பிப் போட்டேன். பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கிற 27 மில்லிமீட்டர் பீசோ வில்லை ஒன்று. அடி விழுந்தால் அதிர்ந்து சின்ன மின்னழுத்தம் தரும். அதன் இரு முனைக்கும் குறுக்கே ஒரு 1 மெகாஓம் ரெசிஸ்டர், அங்கிருந்து ஆர்டுயினோ லியனார்டோ என்கிற சின்ன கன்ட்ரோலர் போர்டு. லியனார்டோ யுஎஸ்பி வழியே நேராக மிடியாகப் பேசும், அதே கம்பெனியின் பழைய ஊனோ அப்படிப் பேசாது, வாங்குகிறவர்கள் கவனிக்கவும். வில்லையைப் பம்பையின் ஒரு மேளத்துக் கட்டையில் மட்டும் ஒட்டினேன், அழுத்த அடி விழும் பக்கம். லேப்டாப்பில் எல்எம்எம்எஸ்ஸை மூடிவிட்டு விசிவி ராக் என்கிற இசை மென்பொருள். இதுவும் இலவசம். அதில் சீக்-3 என்று எட்டு படி கொண்ட ஒரு பெட்டி உண்டு. வெளியிலிருந்து ஒரு துடிப்பு வந்தால் ஒரு படி நகரும். மாமாவின் அடிதான் அந்தத் துடிப்பு. டெம்போ என்ற எண்ணே இல்லை. அடித்தால் அடுத்த சுரம். அடிக்காவிட்டால் பெட்டி அதே சுரத்தில் நின்று காத்திருக்கும்.

முதல் தடவை சோதித்தபோது மாமா நாலு அடி அடித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார். லேப்டாப் நின்றது. குச்சியை ஓங்கினார், அடிக்கவில்லை. லேப்டாப்பும் சும்மா இருந்தது. மெதுவாக ஒரு தட்டு, ஒரு சுரம். பிறகு அரை மணி நேரம் என்னைத் தொடவே விடவில்லை.

தொல்லை இல்லாமல் இல்லை. இரண்டு மேளமும் சேர்த்துக் கட்டியது, மற்றதில் அடித்தாலும் இதில் அதிரும். சைக்கிள் டியூபைக் கத்தரித்து நடுவில் வைத்தேன், ஆர்டுயினோவில் வாசல் அளவை (இதற்குக் குறைந்த அதிர்வை அடியாக எடுக்காதே என்கிற எல்லை) உயர்த்தினேன், ஒரு அடிக்குப் பிறகு 60 மில்லிசெகண்டுக்கு எதையும் கேட்காதே என்று எழுதினேன். வாசலை ரொம்ப உயர்த்தினால் மென்மையான அடிகள் விழுவதில்லை. எந்த அளவு வைத்தாலும் ஏதோ ஒன்று போகிறது.

ஆவணியில்

ஆடி முடிந்து மாமாவுக்கு ஓய்வு கிடைத்ததும் அவர் வீட்டுக் களத்தில் வைத்துக்கொண்டோம். மேடை இல்லை, குழாய் இல்லை. மைக் செட் அண்ணன் இரண்டு பாக்ஸை டீ செலவுக்குக் கொண்டுவந்தார். அறுபது பேர் இருக்கலாம். ஏழு மணிக்குத் தொடங்கி, முதலில் இருபது நிமிடம் சவுண்ட் செக், பிறகு 14 நிமிட வாசிப்பு. ஹெட்போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

மாமா 96-இல் தொடங்கி 138 வரை போனார். பதிவில் அளந்தால் அடிக்கும் சுரத்துக்கும் சராசரி 14 மில்லிசெகண்ட். ஐந்து மீட்டர் தள்ளி நிற்கிறவர் வாசித்தால் எவ்வளவு தாமதமோ, அவ்வளவு. அவருக்கு அது தெரியவில்லை என்றார், எனக்கும் தெரியவில்லை.

கடைசி இரண்டு நிமிடத்தில், அவர் உச்சத்துக்குப் போனபோது, வில்லை ஒரே அடியை இரண்டாக எடுத்த இடங்கள் 23. ஒவ்வொரு தடவையும் சுரம் ஒரு படி தாண்டிப் போய்விடும். கூட்டத்தில் யாரும் கண்டுகொண்ட மாதிரி தெரியவில்லை. ஆனால் கூத்தில் ஆர்மோனியம் வாசிக்கும் பெரியவர் ஒருவர் முடிந்ததும் என்னிடம் வந்து, "கடைசியில பாட்டு தாவுது பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இப்போது இரண்டாவது மேளத்திலும் ஒரு வில்லை ஒட்டி, அங்கே பலமாக அதிர்ந்தால் இங்கே வந்ததைத் தள்ளிவிடு என்று எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாசிக்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறார் மாமா. மயானக் கொள்ளைக்கு இல்லை, அதில் மறுபேச்சு கிடையாது. அதற்கு முந்தின வாரம் ஒரு காதுகுத்து இருக்கிறதாம்.